இயந்திர முரசும் தோட்டத்துத் தப்பும்

நிலத்தை ஐந்தாகப் பகுத்துக் கண்ட பண்டைத் தமிழர், ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய பொருள்களை எண்ணுமிடத்துப் பறையையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணினர். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரைகாரர் வகுத்துச் சொல்வர். மலைக்கு ஒரு முழக்கம், கடற்கரைக்கு ஒரு முழக்கம் என்று வைத்த மக்கள், ஓசையைக் கேட்டே ஊரையும் தொழிலையும் அறிந்தனர் என்பது இதனாற் போதரும். கடல் கடந்து மலாயாவின் ரப்பர்க் காட்டிற்கு வந்த தமிழனுக்கோ எந்த இலக்கண ஆசிரியரும் திணை வகுக்கவில்லை. ஆயினும் அவன் பறை அவனோடு கப்பலேறி வந்தது. அதற்குத் தோட்டத்தில் வழங்கும் பெயர் தப்பு.

அத்தப்பு இன்று எங்கே? சில ஆண்டுகளுக்கு முன் லூமுட்டை அடுத்த ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவிற்கு நாம் சென்றிருந்தோம். அம்மன் புறப்படும் வேளையில் தப்படிக்க ஆள் இல்லை. மேசைமேல் ஒரு மின்னிசைக் கருவி இருந்தது. இளைஞன் ஒருவன் ஒரு பொத்தானை அழுத்தினான், ஒலிபெருக்கிகள் முழங்கின, அம்மனும் புறப்பட்டாள். பெரியோர் சிலர் காலம் கெட்டுவிட்டது என்றனர். இளைஞர் சிலர் காலம் முன்னேறிவிட்டது என்றனர். இவ்விரு சாராரும் அந்தப் பெட்டிக்குள் இருப்பது யாது, அது எவ்வாறு அங்கே புகுந்தது என்று கேட்டாரல்லர். அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

இயந்திரம் தாளம் போடுவது நேற்று வந்த விந்தையன்று. 1931-ஆம் ஆண்டில் அமெரிக்க இசையாசிரியர் ஹென்றி கவெல் என்பாரின் வேண்டுகோளுக்கிணங்க, ருசிய நாட்டு அறிஞர் லியோன் தெரமின் ‘ரிதமிக்கான்’ என்றொரு கருவியைச் சமைத்தார். அதன் முதற் சாவியை அழுத்தினால் குறித்த நேரத்தில் ஓரடி விழும். இரண்டாவதை அழுத்தினால் அதே நேரத்தில் ஈரடி. மூன்றாவதை அழுத்தினால் மூவடி. பல சாவிகளை ஒருங்கே அழுத்துங்கால், மனிதக் கை எளிதில் பிரித்தடிக்க மாட்டாத கணக்குகள் பின்னிப் பிணைந்து வரும். ஒளி புகும் துளைகளையுடைய சுழல் தட்டுகளே அதன் உயிர்நிலை. கருவி வியப்புக்குரியதாயிற்றேயன்றி வழக்கில் நிலைக்கவில்லை.

பின்னர் 1959-இல் உர்லிட்சர் என்னும் அமெரிக்க நிறுவனம் ‘சைடு மேன்’ என்னும் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. பக்கத்தில் அமர்ந்து வாசிக்கும் துணைவன் என்பது அப்பெயரின் கருத்து. அதனுள் ஒரு தட்டுச் சுழலும். தட்டைத் தொடும் முனைகள் ஒவ்வோர் ஓசையாக எழுப்பும். வால்ட்சு, டாங்கோ, ரும்பா முதலிய பன்னிரண்டு தாளங்கள் அதில் ஏற்றப்பட்டிருந்தன. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தாளத்தை மாற்றுவதற்கோ வழியில்லை. செய்தவன் எதனை அறிந்தானோ அதனையே பெட்டியும் அறிந்திருந்தது. அவன் நாட்டு நடன மண்டபத்தில் ஒலித்த தாளங்கள் உள்ளே இடம்பெற்றன. நம் தப்பின் ஓசை அவன் செவிக்கு எட்டியதுமில்லை, பெட்டியில் ஏறியதுமில்லை.

இங்கே ஜப்பானியர் ஒருவரைக் குறிப்பிடல் வேண்டும். ஒசாக்காவில் 1930-இல் பிறந்த இக்குத்தாரோ காக்கெஹாஷி, இளமையில் கடிகாரம் பழுது பார்த்துப் பிழைத்தவர். அவருடைய ‘ஏஸ்’ நிறுவனம் 1967-இல் ‘ரிதம் ஏஸ்’ என்னும் தாளப் பெட்டியை வெளியிட்டது. 1972-இல் அவர் ரோலண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட சி.ஆர்.-78 என்னும் கருவியில், வாங்கியவர் தம் தாளத்தைத் தாமே எழுதிச் சேமிக்கும் வழி அமைந்தது. 1980-இல் வந்த டி.ஆர்.-808 அவ்வழியை அகலமாக்கிற்று. அதன் முகப்பில் வரிசையாகப் பதினாறு பொத்தான்கள் இருந்தன. அதுவரை செய்தவன் ஏற்றியதை மட்டும் முழக்கிய பெட்டி, இனி வாங்கியவன் எழுதுவதையும் முழக்கத் தொடங்கியது. கருவியின் வரலாற்றில் தலையாய திருப்பம் இதுவே என்பது நம் கருத்து.

அப்பதினாறு பொத்தான்களின் வேலையைத் தோட்டத்து மக்களுக்கு விளக்குவது எளிது. கிராணி வேலையில் இருக்கும் நாம் நாள்தோறும் பார்க்கும் செக்ரோலை நேயர்கள் நினைவிற் கொள்ளட்டும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஆட்பெயர். குறுக்கே மாதத்தின் நாட்கள். இன்னார் இன்ன நாளில் பெரட்டுக்கு வந்தார் எனின் அக்கட்டத்தில் ஒரு குறி; வராவிடில் கட்டம் வெறிதே கிடக்கும். இன்று செக்ரோல் கணினிக்குள் போய்விட்டது, கட்டம் மாறவில்லை. இயந்திர முரசும் இத்தகைய ஒரு செக்ரோலே. ஆட்பெயருக்குப் பதிலாகப் பெருமுரசு, சிறுமுரசு, ஜால்ரா என்று ஓசைகளின் பெயர். நாட்களுக்குப் பதிலாகப் பதினாறு காலக் கட்டங்கள். எந்தக் கட்டத்தில் எந்த ஓசை விழவேண்டுமோ அங்கே குறியிட்டால், இயந்திரம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வாசித்துச் சென்று, முடிந்ததும் மீண்டும் முதற் கட்டத்திற்குத் திரும்பும். நிமிடத்திற்கு 120 எண்ணிக்கை என்று வேகம் வைத்து, எண்ணிக்கை ஒன்றை நான்காகப் பகுத்தால், ஒரு கட்டத்தின் அளவு ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு.

ஓசை பிறக்கும் வகையையும் சிறிது சொல்வோம். சிந்தசைசர் என்னும் மின்னொலிக் கருவியில் தோலுமில்லை, கட்டையுமில்லை. தாழ்ந்த சுருதியொன்றைப் பிறப்பித்து, பிறந்த கணத்திலேயே அது சற்று இறங்கி விரைந்து அடங்குமாறு செய்தால் பெருமுரசு. தகரக் கூரைமேல் மழை பெய்வது போன்ற இரைச்சலைப் பிறப்பித்து, அதன் உயர்ந்த பாகத்தை மட்டும் வடித்துக் கொண்டு, நொடியில் ஒரு சிறு பங்கிற்குள் நிறுத்திவிட்டால் சிறுமுரசின் சாயல். தொடக்கம், இறக்கம், அடக்கம் ஆகிய இவற்றைத் திருகிக் திருகி அமைப்பதே கருவி வல்லாரின் தொழில். இஃதன்றி வேறொரு முறையும் உண்டு. அமெரிக்கராகிய ரோஜர் லின் 1980-இல் வெளியிட்ட எல்.எம்.-1 என்னும் கருவி, மெய்யான முரசுகளின் ஓசையைப் பதிந்து எண்களாக்கி வைத்துக் கொண்டு ஒலித்தது. அதன் விலை ஏறத்தாழ 5,000 அமெரிக்க வெள்ளி. தட்டிய அடி முன்பின்னாக விழுந்தால் அதனை அருகிலுள்ள கட்டத்திற்குள் தள்ளி ஒழுங்கு செய்யும் திறமும் லின்னின் கருவிகளில் இருந்தது. அத்திறத்தை நேயர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம். பின்னர் அதனோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு.

டி.ஆர்.-808 வெளிவந்தபோது பலர் அதனை மதிக்கவில்லை. மெய்யான முரசு போல் ஒலிக்கவில்லை என்பது குறை. ஏறத்தாழ 12,000 கருவிகள் செய்யப்பட்டபின் 1983-இல் உற்பத்தி நின்றது. அதன் தனித்த ஓசைக்குக் குறையுள்ள டிரான்சிஸ்டர்களும் ஒரு காரணம். உற்பத்தி முறை சீர்பட்டபின் அத்தகைய டிரான்சிஸ்டர் கிடைக்கவில்லை. இரண்டாங் கைப் பொருளாகக் குறைந்த விலைக்கு வந்த அக்கருவியை அமெரிக்க நகரங்களில் வாழ்ந்த ஏழைக் கறுப்பின இளைஞர் வாங்கித் தம் பாட்டிற்கு அடித்தளமாக்கினர். செல்வர் கழித்ததை வறியோர் எடுத்து உலகம் கேட்கச் செய்தனர். அதே காலத்தில், 1982-இல், பிரிட்டனின் இசைவாணர் சங்கத்து மத்திய லண்டன் கிளை இத்தகைய மின்கருவிகளைத் தடை செய்ய வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியது. வாத்தியக்காரரின் பிழைப்புப் போய்விடும் என்ற அச்சம் பொய்யென்று நாம் தள்ளோம். பால் வெட்டிய கை செம்பனைக்கு மாறிய துன்பத்தை நாம் கண்ணாரக் கண்டவர்கள் அல்லமா?

இனி நம்மவர் பக்கம் வருவோம். பம்பாயில் திரைப்பட வாத்தியக்காரராக விளங்கிய சரண்ஜித் சிங், 1982-இல் ரோலண்டு கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை ஓர் இசைத்தட்டில் வெளியிட்டார். அன்று அதனைக் கேட்டார் சிலரே. 2010-இல் மறுபதிப்பு வந்தபின்னரே உலகம் அவரைத் தேடிச் சென்றது. பெங்களூரில் குழலிசை வல்ல பொறியாளர் ஜி. ராஜ் நாராயண், 1979-இல் மின்னணுத் தம்புராவைச் சமைத்தார். அவர் நிறுவிய ராடெல், பின்பு ‘தாலமாலா’ என்னும் மின்னணுத் தபலாவையும் வெளியிட்டது. சென்னையில் 1986-இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினி வழி வரிசைப்படுத்திய இசையை அமைத்தார். அக்காலத்தில் அவரிடம் மின்னிசைக் கருவி வாசித்தவருள் ஒருவரே பின்னர் ஏ.ஆர். ரகுமான் என்று அறியப்பட்டவர்; 1992-இல் ‘ரோஜா’ படத்திற்கு அவர் அமைத்த இசை இந்திய அரசின் தேசிய விருதைப் பெற்றது. நம் நாட்டிலோ யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006-இல் ‘வல்லவன்’ என்னும் தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்பை வெளியிட்டு, இயந்திர முரசின்மேல் தமிழ் நடை போடும் என்று காட்டினர்.

ஆகவே தமிழன் இந்தக் கருவியைக் கண்டு ஒதுங்கினான் என்று கூற இடமில்லை. சபைக்குரிய தபலாவும் திரைக்குரிய தாளமும் பதிவேட்டில் ஏறின. தோட்டத்துத் தப்போ?

தப்பின் அமைப்பு எளியது. மரத்துண்டுகளை வளைத்துப் பொருத்திய வட்டச் சட்டம். புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய மாட்டுத்தோல். அடிக்குமுன் தீயிற் காய்ச்சினால் தோல் விறைத்து ஓசை கணீரென்று எழும். ஒரு கையில் குறுகித் தடித்த அடிக்குச்சி. மறு கையில் நீண்டு மெலிந்த சுண்டுக்குச்சி. சாமிக்கு ஓரடி, கலியாணத்திற்கு ஓரடி, சாவுக்கு ஓரடி. இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களிலோ விடியற்காலையில் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பவும் தப்பே அடிக்கப்பட்டது. கடிகாரம் கட்டிக் கொள்ள வழியில்லாத மக்களுக்கு அதுவே கடிகாரமாயிற்று.

இத்தகைய கருவி ஏன் பதிவேட்டில் ஏறவில்லை? காரணத்தை மறைப்பது நேர்மையன்று. தப்படித்தலை ஒரு சாதியார்மேல் கடமையாகச் சுமத்தி, சாவு வீட்டில் அடிக்கச் செய்து, அடித்தவரையே தீண்டத்தகாதவர் என்று வாயிலில் நிறுத்தினோம். அதனால் தன்மதிப்புணர்ந்த இளைஞர் பலர் குச்சியைக் கீழே போட்டனர். அவர் செய்தது முறையே. அடிமைத் தொழிலாக இருக்கும்வரை எக்கலையும் வாழ வேண்டுமென்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் சுமத்தியவன் குற்றம் தோலுக்கும் குச்சிக்கும் ஏறிவிட்டது. மக்கள் இழிவை உதறியபோது அறிவும் உடன் உதிர்ந்தது. தமிழ்நாட்டில் இந்நிலை மாறி வருகிறது. மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சாதி வேறுபாடின்றி ஆணும் பெண்ணும் பறை பயில்கின்றனர்.

நம் தோட்டங்களின் நிலை வேறு. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதை நிறுத்தியது. அதற்குமுன் கங்காணியோடு வந்தவர் கொண்டுவந்த அடிகளே கையிருப்பு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, பிள்ளைகள் பட்டணத்து அடுக்குவீடுகளுக்குச் சென்றனர். கையிருப்பு கரைந்து கொண்டே வருகிறது.

இந்நினைவோடுதான் நாம் இரண்டாங் கையாக ஒரு சிறு சிந்தசைசரை வாங்கினோம். லூமுட்டுக்கு அருகே வாழும் முதியவர் ஒருவர், முன்னாளில் பால் வெட்டியவர், இளமையில் தப்படித்தவர். அவர் தந்தையார், லூமுட்டும் பங்கோரும் அடங்கிய டிண்டிங்ஸ் 1935-இல் பேராக்கோடு மீண்டும் சேர்வதற்குமுன் இங்கு வந்தவராம். முதியவர் வீட்டு முற்றத்தில் ஞாயிறுதோறும் அமர்ந்து, அவர் அடிப்பதைக் கேட்டுக் கட்டங்களில் எழுதலானோம்.

முதல் நாள் ஒன்றும் பொருந்தவில்லை. அவர் நான்கு முறை சுற்றி வருவதற்குள் இயந்திரம் மூன்று முறையே சுற்றியது. பிழை யாருடையது? ஆராய்ந்தபோது பிழை நம்முடையதென்று தெரிந்தது. அவர் அடித்தது மும்மூன்றாக நடக்கும் திசிர நடை. அதற்கு வேண்டியவை பன்னிரண்டு கட்டங்கள். பதினாறு என்பது மேனாட்டார் தம் நாலெண்ணிக்கையை நான்காகப் பகுத்த கணக்கு. கடைசிக் கட்டம் எதுவென்று நாமே குறிக்கும் வசதி கருவியில் இருந்தும், பதினாறே உலக நியதி என்று நாம் நம்பிவிட்டோம். ஆங்கிலப் பள்ளியில் பயின்றவர்க்கு இப்படி ஒரு மயக்கம் வாய்ப்பது புதிதன்று.

கட்டங்களைப் பன்னிரண்டாக்கினோம். கணக்குப் பொருந்தியது. மகிழ்ச்சியோடு முதியவருக்குப் போட்டுக் காட்டினோம். அவர் தலையைச் சாய்த்துச் சற்று நேரம் கேட்டார். பின்பு, “எண்ணிக்கை சரியா இருக்கு, கிராணியாரே, ஆளுதான் வரலே” என்றார்.

அச்சொல் நம்மைச் சுட்டது. செக்ரோலில் குறி இருக்கிறது, ஆள் வரவில்லை என்பது கிராணியைப் பார்த்துச் சொல்லக்கூடிய பெருங்குற்றச்சாட்டு. மறுபடியும் அவரை அடிக்கச் செய்து கூர்ந்து கேட்டோம். சுண்டுக்குச்சி அடி ஒவ்வொன்றும் கட்டத்திற்குச் சற்றே பிந்தி விழுந்தது. நடை கோயிலை நெருங்குவதாக அவர் நினைத்தபோது வேகம் தானே ஏறியது. முன்பு நேயர்களை மறவாதிருக்க வேண்டினோமே, அந்த ஒழுங்கு செய்யும் திறம், பிந்திய அடிகளையெல்லாம் இழுத்துக் கட்டத்திற்குள் நிறுத்தியிருந்தது. இயந்திரம் திருத்தியது பிழையையன்று, அவருடைய கையை.

அந்தத் திறத்தை நிறுத்திவிட்டு, அவர் அடிக்க அடிக்க அப்படியே பதிந்தோம். வேகத் திருகை நாமே கையால் மெல்ல ஏற்றினோம். இம்முறை முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பாதம் மட்டும் தரையில் அசைந்தது. நம் உழைப்பிற்கு அதனினும் பெரிய கூலி வேண்டுவதில்லை.

இதனால் நாம் கண்ட உண்மை ஒன்று. செக்ரோல் ஆளாகாது. ஆயினும் செக்ரோலில் ஏறாத ஆளுக்குக் கூலியுமில்லை, சேமநிதியுமில்லை. பின்னாளில் அவன் இங்கு உழைத்தான் என்பதற்குச் சான்றுமில்லை. இயந்திர முரசு தப்பாகாது. ஆயினும் எந்தப் பதிவிலும் ஏறாத அடி, அடித்தவரோடு மண்ணில் மறையும். சாதியின் கறையை அறியாத பெட்டி ஒன்று கையிற் கிடைத்திருக்கிறது. எழுதுபவன் யாரென்றும், எழுதப்படும் அடி எந்த வாயிலில் நின்றதென்றும் அது கேட்பதில்லை. தபலாவுக்கும் வால்ட்சுக்கும் தரும் கட்டத்தையே தப்புக்கும் தருகிறது. அதில் நாம் எழுதாவிடில் குற்றம் இயந்திரத்தினுடையதன்று.

தப்பின் ஓசையை மட்டும் பதிந்து கொள்வது போதாது. ஓசை விலைக்குக் கிடைக்கும். ஒவ்வொரு தோட்டத்தின் அடி விலைக்குக் கிடையாது. ஆதலின் பேராக்கிலும் பிற மாநிலங்களிலும் உள்ள இளைஞரை வேண்டுகிறோம். உங்கள் தோட்டத்தில் குச்சி பிடித்த முதியவர் எவரேனும் இருப்பின் அவரைத் தேடிச் செல்லுங்கள். தரையிலன்று, நாற்காலியில் அமர்த்திக் கேளுங்கள். எந்த அடி, எந்த வேளைக்கு, எத்தனை எண்ணிக்கை, யாரிடம் கற்றது என்று எழுதுங்கள். கருவி இருப்பவர் கட்டங்களில் இடுங்கள். இல்லாதவர் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் இடுங்கள். அடித்தவர் பெயரை முதலில் எழுதுங்கள்.

நம் முதியவருக்கு ஏழு அடிகள் தெரியுமாம். இதுவரை எழுதியவை மூன்று. அவர் மணிக்கட்டு இப்போது கால்மணி நேரத்திற்கு மேல் தாங்குவதில்லை. வரும் ஞாயிறு நான்காவதைத் தொடங்குகிறோம்.